சிந்திய கஞ்சி

"மேடம், இது ஏன் பாதியில நின்னு போகுது?"

அருளப்பன் இயந்திரக் கையைக் காட்டிக் கேட்டார்.

நாளைக் காலை அந்தக் கை கஞ்சி ஊட்டப்போவது அவருடைய அக்காவுக்கு. பக்கவாதம். இரண்டு கையும் விளங்காது. நீ பழக்கினதுன்னா நான் நம்பிச் சாப்பிடுறேன்டா என்று வேறு சொல்லியிருந்தாள்.

பொற்கொடி திரும்பிப் பார்த்தார். அருளப்பனைவிட வயதில் சின்னவர். ஆனாலும் இந்த வித்தையில் அவர்தான் குரு.

வித்தை பெரிதில்லை. கம்பி கோத்த கையுறையை மாட்டிக்கொண்டு மனிதன் ஊட்டிக்காட்ட வேண்டும். இயந்திரம் பார்த்துப் பழகிக்கொள்ளும். அருளப்பன் ஒரு பொம்மைக்கு ஊட்டிக்காட்டினார். நேற்றுவரை இயந்திரமும் ஒழுங்காகத்தான் ஊட்டியது.

இன்று கரண்டி லேசாகச் சாய்ந்தது. பொம்மையின் மோவாயில் கஞ்சி வழிந்தது. அவ்வளவுதான். கை அந்தரத்தில் நின்றுவிட்டது. போகவும் இல்லை, வரவும் இல்லை.

மோட்டாரைக் கழற்றிப் பார்க்கலாமா என்றார் அருளப்பன். வேண்டாம், ஊட்டிக்காட்டிய பதிவுகளைப் போடுங்கள் என்றார் பொற்கொடி.

போட்டார். எதிலும் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

"உங்க கை தவறவே இல்லையா சார்?"

தவறாமல் என்ன. நிறையத் தவறியது. அதையெல்லாம் அன்றன்றைக்கே அழித்துவிட்டதாகச் சொன்னார். கெட்டது எதையும் அது பழகிவிடக் கூடாதே. சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூட.

"அப்ப சிந்தினா என்ன பண்றதுன்னு அது பார்த்ததே இல்ல சார்" என்றார் பொற்கொடி. பொம்மையைத் தூக்கித் தரையில் வைத்தார். அது இருந்த நாற்காலியில் தான் உட்கார்ந்தார்.

"எனக்கு ஊட்டுங்க."

அருளப்பன் கூச்சத்தோடு கையுறையை மாட்டினார். பதிவு செய்கிற பொத்தானை அழுத்தினார். கரண்டி உதட்டருகே போனதும் பொற்கொடி வெடுக்கென்று முகத்தைத் திருப்பினார்.

கஞ்சி கன்னத்தில் பட்டுக் கழுத்தில் இறங்கியது.

"ஐயோ, சுட்டுடுச்சா?"

அருளப்பன் கரண்டியைக் கிண்ணத்தில் போட்டார். மேசையில் கிடந்த துணியை எடுத்தார். முதலில் கழுத்தைத் துடைத்தார். பிறகு கன்னத்தை.

துடைத்து முடித்ததும் பழக்கதோஷத்தில் விரல் அழிக்கிற பொத்தானுக்குப் போயிற்று.

பொற்கொடி அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"அக்கா எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவாங்க, சார்?"

அருளப்பன் துணியைக் கீழே வைத்தார்.

"இடது பக்கம்."

பொற்கொடி இடது பக்கமாகத் திரும்பிக்கொண்டு வாயைத் திறந்தார்.