தள்ளி நிற்காத ஆள்

பாளையங்கோட்டையில் கராத்தே என்றால் தேவசகாயம் மாஸ்டர்தான். அதை அவரே சொல்லுவார். அவரிடம் படித்துவந்த பேச்சித்தாய், டவுன் பஸ் கண்டக்டர். ஒருநாள் அவள், ஞாயிற்றுக்கிழமைகளில் தூத்துக்குடிக்குப் போய் ஜுஜுட்சுவும் படிக்கலாமா என்று கேட்டாள். ஆளைப் பிடித்து, மடக்கி, கீழே சாய்க்கிற ஜப்பான் கலை அது.

மாஸ்டருக்குச் சுருக்கென்றது.

"கராத்தேயில இல்லாதது அங்க என்ன இருக்கு? எல்லார் முன்னாலயும் என்கிட்டயே காட்டு. காட்டாட்டி பிளாக் பெல்ட் டெஸ்டை மறந்துரு."

வகுப்பே ஓரமாக ஒதுங்கி இடம் விட்டது. மாஸ்டரை யார் அடித்து ஜெயிக்க?

பேச்சித்தாய் அடிக்கவே இல்லை. காலை நேரத்து பஸ்ஸில் ஆள் நிற்பதுபோல அவரை நெருக்கி நின்று, சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள்.

"உதைங்க மாஸ்டர்."

மாஸ்டரின் பேர்பெற்ற உதைக்குக் கால் தூக்க இடமில்லை. அவர் பின்னால் நகர, அவளும் கூடவே நகர்ந்தாள். முதுகில் சுவர் முட்டியது.

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா" என்றார்.

காலரை விட்டுவிட்டு உடனே தள்ளி நின்றாள்.

"நீங்க சொன்னா நான் தள்ளி நிப்பேன் மாஸ்டர். என் பஸ்ஸுல ஒருத்தன் எத்தனை சொன்னாலும் தள்ளி நிக்க மாட்டேங்கான். அவனை என்ன செய்யணும்னு கேக்கத்தான் அங்க போறேன்."

மாஸ்டர் காலரைச் சரிசெய்துகொண்டார். பிறகு மெல்லக் கேட்டார்:

"ஞாயித்துக்கிழமை தூத்துக்குடிக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கும்மா?"