வெறும் வயிற்று இரத்தம்

ஐம்பத்தெட்டு வயதில் தொழிற்சங்கச் செயலாளர் தவமணி ஒரு குருவைத் தேடிக்கொண்டார். இரத்தப் பரிசோதனைக்கூடம் நடத்தும் நூர்ஜஹான். அவரைவிட இருபது வயது இளையவர். அவரிடம் உட்கார்ந்து ரிப்போர்ட் படிக்கக் கற்றார்.

காரணம் இலஞ்சியம். நூற்பாலையில் ராத்திரி ஷிப்ட். இரண்டு முறை தலைசுற்றி விழுந்தவள். பகல் வேலை கேட்டாள். வெறும் வயிற்றுச் சர்க்கரை தொண்ணூற்றைந்து, ஒரு குறையும் இல்லை என்று மில் டாக்டர் எழுதிக்கொடுத்துவிட்டான்.

"அதெப்படி டீச்சர்?"

"சர்க்கரையை மட்டும் பாத்திருக்கார். அதை அங்கேயே நிறுத்த உடம்பு எவ்வளவு இன்சுலின் சுரக்குதுன்னு பாக்கல. ரெண்டையும் பெருக்கி நானூத்தஞ்சால வகுங்க. மூணைத் தாண்டினா, இன்சுலின் சொல்றதை உடம்பு சரியா கேக்கலைன்னு அர்த்தம். உத்தேசக் கணக்குதான்."

தவமணி கொதித்தார். "உடம்புக்குள்ள ஒரு ஆள் வேலைக்கு நாலு ஆள் செத்துப் பிழைக்குது. உற்பத்தி குறையலையே, எல்லாம் சுகம்னு எழுதறான். அயோக்கியப் பயல்!"

மில் நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தை நடக்கும் நாளன்று காலையில் ரிப்போர்ட் வந்தது. முந்தின நாள் ஷிப்ட் முடிந்து நேரே வந்து இலஞ்சியம் கொடுத்த இரத்தம். சர்க்கரை தொண்ணூற்றெட்டு, இன்சுலின் முப்பத்தொன்று. தவமணி துண்டறிக்கையின் முதுகில் கணக்குப் போட்டார்.

"ஏழரை! முதலாளிக்கு இன்னிக்கு ஏழரைதான் டீச்சர்!"

நூர்ஜஹான் சிரிக்கவில்லை. இலஞ்சியத்திடம் திரும்பினார்.

"நேத்து என்ன சாப்பிட்டுட்டு வந்தே?"

"ஒண்ணுமே சாப்பிடலக்கா."

"டீ?"

"கேட் கடையில டீ குடிச்சேன். ரெண்டு. டீயெல்லாம் சாப்பாட்டுல சேத்தியா?"

நூர்ஜஹான் ரிப்போர்ட்டை நான்காகக் கிழித்தார். "சர்க்கரை டீ உள்ள போனா இன்சுலின் எகிறும். இந்த எண்ணை நம்ப முடியாது. நாளைக்குத் தண்ணி மட்டும் குடிச்சிட்டு வா."

தவமணி மேசையைக் குத்தினார். பதினோரு முறை சிறை போன கை.

"இன்னிக்கு விட்டா அடுத்த பேச்சு ஒரு மாசம் கழிச்சு! அதுவரைக்கும் இவ ராத்திரியில நிக்கணும். அவனுங்க முழுப் பொய் எழுதுவானுங்க, நாம ஒரு டீயை மறைக்கக் கூடாதா? நீங்க யார் பக்கம்?"

"இலஞ்சியம் பக்கம்."

"நாளைக்கு எண் குறைஞ்சு வந்தா?"

"இவளுக்கு நோய் குறைச்சல்னு அர்த்தம். அதுக்கு உங்க முகம் ஏன் கறுக்குது, தோழர்?"