கழுதைக் கணவாயில் ஒயர்லெஸ் படை

கோணங்கிபுரத்து ராஜாவுக்குப் படை என்று சொல்லிக்கொள்ள மூன்று பேர் இருந்தார்கள். தலைவர் மாசிலாமணி. அவருக்குக் கீழே ஒச்சப்பன், சடையாண்டி. மூவருக்கும் மூளை கொஞ்சம் கம்மி. விசுவாசம் மட்டும் மூட்டை மூட்டையாக இருந்தது.

நாட்டின் கிழக்கு எல்லையில் இருந்த கழுதைக் கணவாயை மாசிலாமணி ஏற்கெனவே இரண்டு தடவை எதிரியிடம் கோட்டைவிட்டிருந்தார். ஒரு தடவை சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருந்தார். இன்னொரு தடவை எதிரி "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றதும் மரியாதையாகத் தள்ளி நின்றார். எப்படியோ ராஜா அதை மீட்டுவிட்டார். மறுபடியும் பறிகொடுத்தால் யானைக் கொட்டிலுக்கு மாற்றல் ஓலை எழுதிவிடுவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அங்கே அதிகாரி மாசிலாமணியின் மச்சான். தினம் காலையில் மச்சானுக்கு சலாம் வைக்க மாசிலாமணிக்குத் துளியும் இஷ்டமில்லை.

இந்தத் தடவை ராஜா புதுச் சாமான்களை வாங்கிக் கொடுத்தார். ஒயர்லெஸ் வைத்த தொப்பி, நெஞ்சில் பேட்டரி, மணிக்கட்டில் திரை, முதுகில் வெயில் பட்டால் சார்ஜ் ஏறும் தகடு. எல்லாவற்றையும் இணைக்க இடியாப்பம் மாதிரி ஒயர். மாட்டிவிட வந்த வியாபாரி கறாரான ஆள். தகடு எப்போதும் சூரியனைப் பார்த்தே இருக்க வேண்டும் என்றான். ஒயர்லெஸ்ஸில் எது காதில் விழுந்தாலும் ஒரு எழுத்து மாறாமல் திருப்பிச் சொல்ல வேண்டும், அப்போதுதான் சேதி சரியாகப் போய்ச் சேர்ந்தது என்று சொன்னவருக்குத் தெரியும் என்றான். அதையும் மாசிலாமணி ஒரு எழுத்து மாறாமல் திருப்பிச் சொல்லிக் காட்டினார். வியாபாரிக்குப் பரம திருப்தி.

மறுநாள் காலையில் கிளம்பினார்கள். பத்தடி போவதற்குள் சிக்கல். கணவாயும் கிழக்கே, சூரியனும் கிழக்கே. கணவாயைப் பார்த்து நடந்தால் தகடு மேற்கைப் பார்க்கிறது.

"சூரியனைக் கொஞ்சம் பின்னாடி வரச் சொன்னா என்னங்கய்யா?" என்றான் ஒச்சப்பன்.

"அவ்வளவு தூரத்துக்கு நம்ம ஒயர்லெஸ் எட்டாதுடா" என்றார் மாசிலாமணி, உண்மையான வருத்தத்தோடு.

சடையாண்டி யோசித்துச் சொன்னான்: "மத்தியானம் அது தானா பின்னாடி வந்துரும். அதுவரைக்கும் மேற்கே நடப்போம்."

நியாயமாகத்தான் பட்டது. மதியம் வரை மேற்கே நடந்து, பிறகு திரும்பிக் கிழக்கே நடந்து, பொழுது சாயும்போது அரண்மனை வாசலுக்கே வந்து சேர்ந்தார்கள். அடுத்த நாளும் அப்படியே. அதற்கும் அடுத்த நாள்தான் ஒச்சப்பனுக்குப் பொறி தட்டியது. பின்பக்கமாகவே நடந்தார்கள். வழியில் ஒரு வாய்க்காலில் மூவரும் வரிசையாக மல்லாந்து விழுந்தார்கள். சாமான் கனத்தில் எழுந்திருக்க முடியவில்லை. உழுதுகொண்டிருந்தவர் ஏர்மாட்டை அவிழ்த்துக் கட்டி இழுத்தார். ஒரு வழியாகக் கணவாய்க்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

விடிந்தது. கிழக்கிலிருந்து எதிரி நாடான ஏறுமாறூரின் படை திரண்டு வந்தது. போரில் புறமுதுகு காட்டுவது இழுக்கு என்பார்கள். நம்மவர்கள் போர் தொடங்குவதற்கு முன்பே காட்டிக்கொண்டு நின்றார்கள்.

"திரும்பிப் பார்க்கலாமாய்யா?" என்றான் ஒச்சப்பன்.

"சார்ஜ் போயிடும்டா. பேசாம நில்லு."

அப்போது தொப்பிக்குள் எதிரித் தளபதியின் குரல் கேட்டது. அவரும் அதே வியாபாரியிடம்தான் ஒயர்லெஸ் வாங்கியிருந்தார். "மரியாதையா சரணடைஞ்சிருங்க" என்றார்.

மாசிலாமணி பணிவாகத் திருப்பிச் சொன்னார்: "மரியாதையா சரணடைஞ்சிருங்க."

எதிரித் தளபதிக்கு வேர்த்துவிட்டது. இத்தனை பேர் வந்து நிற்கிறோம், மூன்று பேர் முதுகைக் காட்டிக்கொண்டு நம்மையே சரணடையச் சொல்கிறார்கள் என்றால், மலைக்குப் பின்னால் எத்தனை ஆயிரம் பேர் இருப்பார்களோ? "சரி, நாங்க சரணடையறோம்" என்றார்.

மாசிலாமணி வாயைத் திறந்தார். சடையாண்டி அவர் கையைப் பிடித்தான்.

"அய்யா, அதைத் திருப்பிச் சொன்னா நாம தோத்துருவோம்."

மாசிலாமணியின் கண்முன் மச்சான் மீசையை முறுக்கிக்கொண்டு வந்து நின்றார். இருந்தாலும் சொன்னார்: "சொல்லலேன்னா, சேதி வந்து சேர்ந்ததா இல்லையான்னு அவருக்கு எப்படிடா தெரியும்? பாவம்."

திருப்பிச் சொல்லிவிட்டார். இரண்டு படைகளும் ஒன்றிடம் ஒன்று சரணடைந்தன. சரணடைந்தால் எதிரி இடத்துக்குப் போவதுதானே முறை? அவர்கள் கணவாய்க்கு வந்து கைகட்டி உட்கார்ந்தார்கள். இவர்கள் ஏறுமாறூர்ச் சிறைக்குப் போனார்கள். குறுகலான பாதையில் ஒருவருக்கொருவர் ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டார்கள். சிறைக்காரர்கள் எவ்வளவு முயன்றும் அந்த ஒயர்ச் சிக்கலை அவிழ்க்க முடியாததால், சாமானோடே உள்ளே தள்ளிப் பூட்டினார்கள்.

மாசிலாமணி ஜன்னல் வெயிலுக்கு முதுகைக் கொடுத்து நின்றபோது ராஜாவின் குரல் சந்தேகத்தோடு வந்தது. "கணவாய் நம்ம கையிலதான் இருக்கு."

"கணவாய் நம்ம கையிலதான் இருக்கு."

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "உன்னைச் சேனாதிபதி ஆக்கிட்டேன்" என்றார்.

"உன்னைச் சேனாதிபதி ஆக்கிட்டேன்" என்றார் மாசிலாமணி.

ராஜாவுக்குச் சின்ன வயதிலிருந்தே அந்த ஆசை உண்டு. கிரீடத்தைக் கழற்றிச் சிம்மாசனத்தில் வைத்தார். வாளை எடுத்துக்கொண்டு வாசலில் காவலுக்கு நின்றுவிட்டார். மாசிலாமணியை யானைக் கொட்டிலுக்கு மாற்ற ராஜாதானே ஓலை எழுத வேண்டும்? ராஜாதான் இல்லையே. அன்றைக்கு மாசிலாமணி நின்றபடியே நிம்மதியாகத் தூங்கினார்.

விடிந்ததும் தொப்பிக்குள் குரல் கேட்டது. "சேனாதிபதி பேசறேன். அடுத்த உத்தரவு என்னங்கய்யா?"

"சேனாதிபதி பேசறேன். அடுத்த உத்தரவு என்னங்கய்யா?" என்றார் மாசிலாமணி.

இப்போதும் இருவரும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். வெயிலும் நன்றாக அடிக்கிறது, சார்ஜுக்குக் குறைவே இல்லை.