மணிக்கு முன் பழுத்த திராட்சை

கடலைப் பார்த்த அந்தப் பள்ளத்தாக்கில் திராட்சைக்கு ஒரு சட்டம் உண்டு. மாதா திருவிழாவன்று கோயில் மணி அடித்த பிறகுதான் பழத்தில் கை வைக்கலாம். நூறு வருஷமாக இதை யாரும் மீறியதில்லை என்று ஊரில் பெருமையடித்துக்கொள்வார்கள்.

மணி அடிப்பவர் தொம்மை. ஐம்பது வயது. பூசைக்கான திராட்சை ரசம் செய்யும் சிஸ்டர் லூர்தம்மாளிடம் ஆறு வருஷமாகத் தொழில் கற்கிறார். சிஸ்டர் அவரைவிடப் பத்து வயது இளையவர். அதைப் பற்றித் தொம்மைக்குக் கவலையில்லை. சந்தேகம் வந்தால் நேரே கன்னியர் மடத்துக்கு வந்துவிடுவார்.

அன்றும் வந்தார்.

"சிஸ்டர், திருவிழாவுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கு. பழம் இப்பவே கறுத்துப்போச்சு."

"கடல்ல இருந்து காலையில ஏறி வர்ற பனி?"

"மூணு வருஷமா எட்டிக்கூடப் பாக்கல. வெயில் கொளுத்துது. போன வருஷம் திருவிழா வரைக்கும் காத்திருந்தோம். புளிப்பு போயி, பழம் வெறும் பாகாயிடுச்சு. ஊரு ரசம் முழுக்க மூணே மாசத்துல கெட்டுச்சு. இந்த வருஷமும் கெட்டா, கொடியைப் பிடுங்கிப் போட்டுருவோம்னு சொல்றாங்க."

"அப்ப மணியை அடிங்க."

தொம்மை பதறிப்போனார். "திருவிழாவுக்கு முன்னாடியா? மாதா காரியம் சிஸ்டர்!"

சிஸ்டர் மடத்துக் கொடியில் ஒரு பழம் பறித்து நீட்டினார். தொம்மை கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மணி அடிக்காம வாயில வைக்கக் கூடாதே."

"முதன்முதல்ல மணி அடிச்சவர் எதைப் பாத்து அடிச்சாரு? காலண்டரையா?"

தொம்மை பின்னால் கட்டியிருந்த கையை எடுத்தார். பிறகு பழத்தை வாங்கி வாயில் போட்டார். கண் கலங்கிவிட்டது.

"இனிப்பும் புளிப்பும் சரியா நிக்குது சிஸ்டர். இன்னைக்கே வெட்டணும். இப்பவே போய் அடிக்கிறேன்."

"நில்லுங்க. போன வருஷம் ஊரு ரசம் முழுக்கவா கெட்டுச்சு?"



"ஒருத்தனோடது மட்டும் கெடல. என் தம்பி வியாகுலம். பழத்தைத் தின்னு பாத்துட்டு, மணிக்கு முன்னாடியே வெட்டிட்டான். நான்தான் ஊரைக் கூட்டி, கோயில் பக்கமே வரக் கூடாதுன்னு அவனை விரட்டிவிட்டேன். அதுக்கப்புறம் பேச்சுவார்த்தை இல்ல."

"அவரு வீடு எங்க இருக்கு?"

"என் வீட்டுக்கு அடுத்த வீடு."

"அந்த வாசலைத் தாண்டி என்கிட்ட ஏன் வந்தீங்க?"