பக்கத்துப் படகின் சங்கிலி

கப்பல்சாமிக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. துறவு பூணும் முன்பு சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர் என்பதால் அந்தப் பெயர். அவருடைய சீடர் சிவகடாட்சமோ அறுபதைத் தாண்டியவர். கோவில்பட்டியில் பாத்திரக்கடையை மகன் கையில் கொடுத்துவிட்டு, காவி வாங்காமல் விடுவதில்லை என்று சாமியின் பின்னாலேயே அலைந்துகொண்டிருந்தார்.

சாமி கொடுத்தபாடில்லை. “எங்கூடக் கொஞ்ச நாள் கடல்ல வாங்க அண்ணாச்சி, பாப்போம்” என்றார்.

கிரேக்க தேசத்தில் இருந்த பழைய கப்பல் நண்பர் ஒருவர் தம் பாய்மரப் படகை இரவல் தந்திருந்தார். சாமியார் உல்லாசப் பயணம் போவதாவது என்று ஊரில் சிலர் முணுமுணுத்தார்கள். சாமி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பகலெல்லாம் படகு காற்றின் போக்கில் போயிற்று. வெள்ளை வெள்ளையாய் வீடுகளோடு ஒரு தீவு எதிரே வரும். கண் அசந்து விழிப்பதற்குள் அது பின்னால் போய், வெளுத்து, இல்லாமலே ஆகிவிடும். கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத நீலம். தாம் விழித்திருக்கிறோமா கனவில் மிதக்கிறோமா என்று சிவகடாட்சத்துக்கே சந்தேகமாக இருந்தது. இப்படியே இருந்துவிட்டால் எவ்வளவு சுகம்!

அந்த மயக்கத்தைக் கலைக்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது. காலையானால் கைப்பேசி அடிக்கும்.

மனைவி ஆவுடையம்மாள்தான். சாப்பிட்டீர்களா என்று கேட்பாள், மோட்டார் சுவிட்சு மறுபடி மக்கர் பண்ணுகிறது என்பாள். சுற்றுலா போகிறேன் என்றுதான் அவளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். திரும்பி வரப்போவதில்லை என்பதைச் சொல்லவில்லை. இப்போதெல்லாம் அவள் கூப்பிட்டால் எடுப்பதையே விட்டுவிட்டார்.

அன்று காலை ஒரு சின்னத் துறைமுகத்திலிருந்து அவர்கள் கிளம்ப வேண்டும். அந்தப் பக்கத்தில் படகுகள் கரைக்குக் கொஞ்ச தூரத்திலேயே நங்கூரத்தைப் போட்டுவிட்டு, பின்பக்கமாக வந்து, வாலைக் கரையோடு கட்டிக்கொண்டு, தொழுவத்து மாடுகள் மாதிரி ஒட்டி ஒட்டி நிற்கும். தண்ணீருக்கு அடியில் யார் நங்கூரச் சங்கிலி யார் சங்கிலிமேல் கிடக்கிறது என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது.

“சாமி, அவ என்னைய விட மாட்டேங்கா” என்றார் சிவகடாட்சம். “இந்தப் போனைக் கடல்ல வீசிட்டா ஒரேயடியா முடிஞ்சிரும். வீசிரட்டுமா?”

“கரைக் கயித்த அவுத்துட்டு முன்னால வாங்க. நங்கூரத்த எடுப்போம்” என்றார் சாமி.

படகின் முனையிலிருந்த மோட்டார் முனகிக்கொண்டே நங்கூரத்தை இழுத்தது. தண்ணீர் மட்டத்துக்கு வந்தபோது அதன் கொக்கியில் இன்னொரு சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துப் படகின் சங்கிலி.

சிவகடாட்சத்துக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. நீளக் கம்பை எடுத்து அந்தச் சங்கிலியை நெம்பித் தள்ளினார். சங்கிலி விடவில்லை. பக்கத்துப் படகுதான் குலுங்கியது. அதில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்காரக் கிழவி தடுமாறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கையிலிருந்த துண்டு கடலில் விழுந்தது. அவள் திட்டவில்லை. இவரைப் பார்த்தாள், அவ்வளவுதான். அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? “அவங்கதான சாமி நம்மளப் பிடிச்சு வச்சிருக்காங்க?”

“நேத்து நாம வரும்போது அந்தம்மா படகு எங்க நின்னுச்சு?”

“இங்கனதான் நின்னுச்சு.”

“அப்போ யார் மேல யார் வந்து போட்டது?”

சிவகடாட்சம் கம்பைக் கீழே வைத்தார்.

“இப்ப வெடுக்குன்னு இழுத்துட்டுப் போனா என்ன சாமி ஆகும்?”

“நமக்கு ஒண்ணும் ஆகாது. அவங்க நங்கூரம் பேந்துரும். படகு கரைக் கல்லுல போய் இடிக்கும். அதுக்குள்ள நாம அடுத்த தீவப் பாத்துக்கிட்டு இருப்போம்.”

சாமி ஒரு கயிற்றை எடுத்தார். குப்புறப் படுத்து, அந்தச் சங்கிலிக்கு அடியில் அதை நுழைத்து, இரண்டு முனையையும் சேர்த்துச் சிவகடாட்சத்தின் கையில் கொடுத்தார். “தாங்கிப் பிடிங்க.” பிறகு தங்கள் நங்கூரத்தைச் சற்றே கீழே இறக்கினார். அது தானாகக் கழன்று விலகியது. அதை மேலே ஏற்றிக்கொண்டார்.

படகு விடுபட்டுவிட்டது; பக்கத்துப் படகின் சங்கிலி மட்டும் சிவகடாட்சம் பிடித்திருந்த கயிற்றில் தொங்கியது. துறைமுக வாய்க்கு வெளியே, வெயிலில் இரண்டு தீவுகள் தண்ணீரைத் தொடாமல் நிற்பதுபோல் தெரிந்தன. சிவகடாட்சத்தின் கண் அங்கேயே போய்ச் சொக்கி நின்றது. ஆவுடையம்மாளின் சங்கிலிதான் கையில் கனக்கிறதோ என்று ஒரு கணம் தோன்றியது. சட்டென்று அந்த நினைப்பை உதறினார்.

“நம்மது வந்துட்டுல்லா சாமி? இனி ஒரு தடையும் இல்லையே. தீட்சை எப்ப?”

சட்டைப் பையில் கைப்பேசி அடித்தது.

சாமி அதைக் கேட்டார். சிவகடாட்சத்தின் முகத்தைப் பார்த்தார்.

“கயிறு இன்னும் உங்க கையிலதான இருக்கு அண்ணாச்சி. விட்டெறிஞ்சிராதீங்க. மெதுவா இறக்குங்க.”