ரசமட்டமும் சர்க்கரைவள்ளியும்

உலகநாதனை நாங்கள் சாமி என்றுதான் கூப்பிட்டோம். பட்டாளத்தில் சமையல்காரராகச் சேர்வதற்கு முன்னால் ஏதோ ஒரு மடத்தில் எட்டு வருஷம் இருந்தவர். வயது முப்பதுகூட இருக்காது. அவருக்குச் சீடராக வாய்த்த சவரிமுத்து மேஸ்திரிக்கு நாற்பத்தைந்து. ஞாயிற்றுக்கிழமை ஜெபமாலை உருட்டுவார், மற்ற நாளெல்லாம் சாமியிடம் சந்தேகம் கேட்பார். இவருக்கு அவர் சாமி, அவருக்கு இவர் அண்ணன். இதில் எங்கள் யாருக்கும் ஆட்சேபம் இருந்ததில்லை.

சிங்கப்பூரில் ஜப்பான்காரனிடம் பிடிபட்ட மதராஸ் பட்டாளத்து ஆட்கள் நாங்கள். நாற்பத்தோரு பேரைக் கப்பலில் ஏற்றிப் பசிபிக் கடலின் நடுவே ஒரு தீவில் இறக்கிவிட்டார்கள். காலைக் கஞ்சி குடித்துவிட்டு நடக்க ஆரம்பித்தால் மதியக் கஞ்சிக்குள் சுற்றி வந்துவிடலாம், அவ்வளவுதான் தீவு. தென்னையும் நண்டும் தவிர ஒரு மண்ணும் கிடையாது. அங்கே விமானம் இறங்க ஓடுபாதை போடுவது எங்கள் வேலை.

சவரிமுத்து போட்டார். அந்த மனுஷனுக்குக் கைதி வேலை, சொந்த வேலை என்ற வித்தியாசம் தெரியாது. காலி பாட்டில் ஒன்றில் தண்ணீர் ஊற்றி, ஒரு குமிழி மட்டும் நிற்கும்படி அடைத்து, ரசமட்டம் செய்துகொண்டார். தென்னை நாரைத் திரித்து நூல் பிடித்தார். அமெரிக்க விமானங்கள் மதியம் வந்து குண்டு போட்டுக் குழி பறித்துவிட்டுப் போகும். மறுநாள் காலை பத்து மணிக்குள் குழியைத் தூர்த்து, பாட்டிலை வைத்து மட்டம் பார்த்து, ஒரு நூல் ஏற்ற இறக்கம் இருந்தால் காட்டுங்கடா என்பார். காட்ட ஒன்றும் இருக்காது. மதியம் விமானம் வரும்.

ஆறு மாதத்தில் ஒன்பது பேரைப் புதைத்தோம். சவரிமுத்துவின் தம்பி லாசர் ஓடுபாதையை ஒட்டிய கொட்டகையில் மலேரியாவோடு கிடந்தான். விமானச் சத்தம் கேட்டால் அண்ணன் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடுவார். தம்பியை உயிரோடு கொண்டுவந்து சேர்ப்பதாக அம்மாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவர். என்றைக்காவது ஒருநாள் கால் பிந்திவிடும் என்று அவருக்கும் தெரியும்.

கொட்டகைக் கூரை பற்றி எரிந்த அன்று சாமியிடம் வந்து உட்கார்ந்தார்.

"உப்புக்குப் பெறாத தீவு சாமி. இதுல என்ன இருக்குன்னு இப்படி வந்து விழுறானுங்க?"

"தலைச்சுமையோட சந்தைக்குப் போறவன் வழியில எங்கண்ணே நிப்பான்?"

"சுமைதாங்கிக் கல்லுல. இறக்கி வச்சு மூச்சு வாங்கிட்டுப் போவான்."

"கல்லு சரிஞ்சு கிடந்தா?"

"அடுத்த சுமைதாங்கிக்கு நடப்பான். நான் என்ன கேக்கிறேன், நீங்க என்ன சொல்றீங்க?"

சாமி அடுப்பை ஊதப் போய்விட்டார்.

மறுநாள் அவர் ஜப்பான் கேப்டன் முன்னால் போய் நின்றார். சாமான் கப்பல் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவர்களுக்கு விமானமும் மிச்சமில்லை, அரிசியும் மிச்சமில்லை. கேப்டனுக்கே பட்டினியில் கால் வீங்கியிருந்தது. சாமி பாதி சைகையிலும் பாதி ஜப்பான் பேச்சிலும் சொன்னார்: இந்தத் தீவிலேயே நன்றாகக் கிளறிய மண் குண்டு விழுந்த குழியில்தான் இருக்கிறது, அதைத் தூர்க்க வேண்டாம், சர்க்கரைவள்ளிக் கொடி நடலாம். தலை தப்பாது என்று நினைத்தோம். கேப்டன் சாயங்காலம் வரை ஓடுபாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்த சின்னச் சர்க்கரைவள்ளிப் பாத்தியில் கொடியை வெட்டித் தானே தூக்கிக்கொண்டு வந்தார்.

சவரிமுத்துவுக்கு வந்ததே கோபம். தன் ஓடுபாதையின் நெஞ்சில் கொடி நடுவதைப் பார்த்து அழுதுவிட்டார். நல்லா இருக்கிறதைக் கெடுக்கத்தான் மடத்தில் படித்தாயா என்று சாமியை ஒருமையில் கேட்டுவிட்டார். பதினைந்து நாள் பேச்சு இல்லை, கஞ்சியை மட்டும் வாங்கிக்கொள்வார்.

கொடி மளமளவென்று படர்ந்தது. ஒருநாள் ஒற்றை விமானம் ஒன்று தாழப் பறந்து, இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. அதற்குப் பிறகு குண்டு குறைந்தது. பிறகு நின்றே போனது. கண் பட்டுவிடும் என்று நாங்கள் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

கொடி நட்ட நாலாம் மாதம் ஒரு காலையில் கிழக்கே கடலைக் காணோம், அமெரிக்கக் கப்பல்தான் தெரிந்தது. இன்னொரு தீவில் இப்படி வந்து இறங்கியபோது ஒரு தென்னைகூட மிஞ்சவில்லை என்று காவல்காரர்கள் சொல்லக் கேட்டிருந்தோம். சவரிமுத்து தம்பியைப் பதுங்குகுழியில் கிடத்தி, அவன் மேலேயே கவிழ்ந்து படுத்துக்கொண்டார். நாங்களும் கும்பிட்டோம். எந்தத் தெய்வத்தை என்று கேட்காதீர்கள்.

காதைப் பொத்திக்கொண்டு முதல் குண்டுக்காகக் காத்திருந்தோம். வெயில் ஏறியது. கப்பல்கள் நிற்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக வடக்கே போய்க்கொண்டே இருந்தன. உச்சிப்பொழுதுக்குக் கடல் பழையபடி வெறும் கடலாகக் கிடந்தது. வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது எங்களுக்கு. ஒருவன் சிரிக்க ஆரம்பித்தான், எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. கேப்டன் தொப்பியைக் கழற்றிவிட்டு எங்கள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார்.

சவரிமுத்து மட்டும், நம்மளை மீட்காமலே போகிறார்களே என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வடக்கே இடி இடித்தது. வானத்தில் மேகம் இல்லை. வெகுநேரம் இடித்துக்கொண்டே இருந்தது.

"அங்கேயும் ஓடுபாதைக்கு மட்டம் பிடிச்ச மேஸ்திரி ஒருத்தன் இருந்திருப்பான்" என்றார் சவரிமுத்து.

கையில் அந்தப் பாட்டிலோடு எழுந்து சாமியிடம் போனார். ஓடுபாதையில் கொடிகளுக்கு நடுவே சாமி குத்துக்காலிட்டு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குக் கேட்டேனே சாமி. இந்தத் தீவுல என்னதான் இருக்கு?"

சாமி ஒரு கிழங்கைப் பிடுங்கி, மண்ணை உதறி, அவர் கையில் வைத்தார்.

"கிழங்கு இருக்குண்ணே. லாசருக்கு அவிச்சுக் குடுங்க."