தளவாய் உரித்த காட்டுப்பன்றி

மருதவனம் சின்ன ராஜ்யம். குதிரையைக் கொஞ்சம் வேகமாக விட்டால் அடுத்த ராஜ்யத்தில் போய்த்தான் நிற்கும். அதன் ராஜா வல்லபராயருக்கு எதையாவது புதிதாகக் கண்டுபிடிக்காவிட்டால் சோறு இறங்காது. அந்த வருஷம் அவர் கண்டுபிடித்தது ஒரு மடக்குக் கத்தி.

"இடுப்பில் செருகினால் இருப்பதே தெரியாது. தட்டினால் விரியும், நினைத்தால் மடங்கும்" என்று சொல்லி, சபையில் ஆளுக்கொன்று கொடுத்தார்.

நினைத்தால் மடங்கும் என்பது உண்மைதான். யார் நினைத்தால் என்பதில்தான் சிக்கல். ராஜாவைச் சிரிக்க வைப்பதற்காகவே சபையில் சம்பளம் வாங்குகிற கூத்தபிரான், அன்று மத்தியானம் வெள்ளரிப்பிஞ்சு நறுக்க உட்கார்ந்தான். கத்தி தானாக மடங்கி அவன் கட்டைவிரலைக் கவ்விக்கொண்டது. வெள்ளரிப்பிஞ்சில் ஒரு கீறல்கூட விழவில்லை.

மறுநாள் சபையில் ராஜா கேட்டார். "கத்தி எப்படி?"

"தெய்வீகம்" என்றார் தளவாய் விருப்பண்ணர். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

கூத்தபிரான் துணி சுற்றிய விரலைத் தூக்கிக் காட்டினான். "நல்ல கத்திதான் மகாராஜா. வைத்திருக்கிறவனையே கடிக்கிறது, அது ஒன்றுதான் குறை."

"கத்தியைக் குறை சொல்வது கண்டுபிடித்தவரைக் குறை சொல்வது" என்றார் தளவாய். அவருடைய மைத்துனன் ஒருவன் கூத்தபிரானின் இடத்துக்காக ரொம்ப நாளாகக் காத்திருந்தான்.

ராஜாவின் முகம் சுருங்கியது. "படைவீரர் எல்லாருக்கும் இதையே கொடுக்கப் போகிறேன். நீ கடிக்கிறது என்கிறாய்."

"கொடுங்கள் மகாராஜா. சண்டைக்கு முன்பே பாதி விரல் போய்விடும். எதிரிக்கு வேலை மிச்சம்."

யாரும் சிரிக்கவில்லை. ராஜா சொன்னார்: "கொல்லரிடம் புதிதாக ஒரு ஈடு கத்திகள் செய்யச் சொல். நீயே பட்டறையில் நின்று வாங்கி எல்லாருக்கும் கொடு, எனக்கும் சேர்த்து. பௌர்ணமியன்று ஒவ்வொருவரும் வைத்துப் பார்த்ததைச் சொல்லட்டும். எல்லாரும் நன்று என்று சொல்லி, நீ மட்டும் மாற்றிச் சொன்னால், மூட்டையைக் கட்டிக்கொண்டு எல்லையைத் தாண்டிவிடு."

வீட்டில் மனைவி வேலம்மை விஷயத்தைக் கேட்டதும் அகப்பையைக் கீழே வைத்தாள். "ஊரே நல்லாயிருக்குன்னு சொல்லுது. நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தா வாய் தேஞ்சா போகும்?"

"வாய் தேயாது. விரல்தான் தேயுது."

"அப்ப எங்க போறது? எங்க அண்ணன் வீட்டுக்கா?"

மச்சான் வீடு என்றதும் கூத்தபிரானின் மூளை சுறுசுறுப்பாக வேலை செய்ய ஆரம்பித்தது. நேரே கொல்லர் மாடக்கண்ணுவின் பட்டறைக்குப் போய் அவர் காதில் ஏதோ சொன்னான்.

கொல்லர் சம்மட்டியை நழுவவிட்டார். "ஐயா, தலை போற காரியம்."

"போனால் என் தலை. உமக்கென்ன, அடியும்."

கத்திகள் தயாராகி வந்தன. யானைத்தந்தப் பிடி, பட்டுப் பை. கூத்தபிரான் ஒவ்வொருவர் கையிலும் பணிவோடு கொடுத்தான். தளவாய் கண்ணில் ஒற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். முதல் மந்திரியான பிரதானி பூஜையறையில் வைத்து, சந்தனம் குழைத்துப் பூசி, குங்குமமும் வைத்தார்.

பௌர்ணமி வந்தது. சபை கூடியது. தளவாய்தான் முதலில் எழுந்தார்.

"நேற்று வேட்டையில் ஒரு காட்டுப்பன்றி மகாராஜா. இந்தக் கத்தியால்தான் உரித்தேன். இளநீர் வழுக்கையில் இறங்குவதுபோல இறங்கியது."

"காற்றில் விழுந்துகொண்டிருந்த தலைமுடியை நெடுக்கே பிளந்தேன்" என்றார் பிரதானி. அவர் தலை முழு வழுக்கை. யாருடைய முடி என்று யாரும் கேட்கவில்லை.

"தினமும் தர்ப்பை அறுக்கிறேன்" என்றார் புரோகிதர்.

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "நானே இன்று காலையில் அரசிக்கு மாதுளம்பழம் உரித்துக் கொடுத்தேன். ஒரு முத்துகூட நசுங்கவில்லை." சபை கைதட்டியது. "கூத்தபிரான், நீ சொல்."

"இந்தத் தடவை ஒரு குறையும் இல்லை மகாராஜா. கடிக்கவே இல்லை."

"வழிக்கு வந்துவிட்டான்" என்று தளவாய் மீசையைத் தடவினார்.

"வெட்டவும் இல்லை."

"ஏன்?" என்றார் ராஜா.

"இதில் அலகு கிடையாது."

கூத்தபிரான் கத்தியைத் தட்டினான். பிடி இரண்டாக விரிந்தது. நடுவில் ஒன்றுமில்லை. உரித்த அவரைக்காய்த் தோல்போல வெறுமையாக இருந்தது.

"உன்னுடையதில் மட்டுமா?"

"எல்லாவற்றிலும்தான். கொல்லரை வற்புறுத்தி அப்படிச் செய்யச் சொன்னவன் நான். தண்டனை எனக்கு."



"தளவாய், உம் கத்தியை விரியும்" என்றார் ராஜா.

தளவாய் விரித்தார். காலி.

"பன்றி தானே கழற்றிக் கொடுத்ததோ?" என்று கூத்தபிரான் விசாரித்தான்.

பிரதானியின் கத்தி லேசில் விரியவில்லை. சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டிச் சுரண்டித் திறந்தார். அதுவும் காலி. புரோகிதர் கேட்பதற்கு முன்பே கண்ணை மூடி ஜபத்தில் ஆழ்ந்துவிட்டார்.

ராஜா சிங்காசனத்தை விட்டு எழுந்தார். "விரித்துக்கூடப் பார்க்காமல் என் முகத்துக்கு நேரே புளுகினீர்களா? தளவாய், இந்தப் பிடியாலேயே இன்னொரு பன்றியை உரித்துக் காட்டும்வரை இந்தப் பக்கம் வராதீர்."

சொல்லிவிட்டுச் சபையைப் பார்த்தார். சபை அவர் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே ஒரு தந்தப் பிடி பளபளத்தது. ராஜாவின் கை மெல்ல நகர்ந்து அதை மூடிக்கொண்டது.

கூத்தபிரான் குனிந்து வணங்கினான். "மகாராஜாவின் கத்தியைப் பார்க்க வேண்டியதில்லை. மாதுளை நன்றாகவே உரிந்திருக்கும்."

ராஜா அவனை வெகுநேரம் முறைத்தார். மீசை ஒருபக்கம் துடித்தது, பிறகு மறுபக்கம். கடைசியில் வயிறு குலுங்க, கிரீடம் சரியச் சிரித்தார். படைக்குக் கத்தி கொடுக்கும் உத்தரவு அங்கேயே ரத்தானது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரானுக்குப் போட்டார். போடுகிற சாக்கில் அவன் காதோரம் குனிந்தார்.

"சாயங்காலத்துக்குள் அலகோடு ஒன்று கொண்டு வா. அரசி காலையிலிருந்து மாதுளைக்குக் காத்துக்கொண்டிருக்கிறாள்."